கழுத்தும் கையும்: இடைக்கால ஆங்கிலத்தில் தழுவும் சொற்கள்

ஆங்கிலத்தில் இன்று ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்வதற்குச் சாதாரணமாகப் புழங்குகிற சொல் 'ஹக்'. இந்தச் சொல் சாஸருக்குத் தெரியாது. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் அது எழுத்தில் தலைகாட்டுகிறது. 'கடில்' அதே நூற்றாண்டின் சொல். 'கேரஸ்', 'ஸ்நகிள்' இரண்டும் அதற்கும் பின்னால் வந்தவை. ஆக, பிரியத்தோடு தொடுவதற்கென்று இன்றைய ஆங்கிலம் கையில் வைத்திருக்கிற சொற்களில் பல, இடைக்காலம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தவை. அதற்கு முன்னால் அந்த ஜனங்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ளாமலா இருந்தார்கள்? கட்டிக்கொண்டார்கள், வேறு சொற்களால். அந்தச் சொற்கள் போனதோடு ஒரு விஷயமும் போயிற்று என்பது என் கட்சி. போனது எது என்று சொல்லிப் பார்க்கிறேன்.

சொற்களை முதலில் வரிசையாக வைத்துக்கொள்ளலாம். பழைய ஆங்கிலத்தில் இதற்குப் பிரதானமான வினை 'கிளிப்பன்'. இடைக்கால ஆங்கிலத்தில் அது 'கிளிப்' ஆயிற்று; முன்னொட்டுச் சேர்ந்து 'பிகிளிப்' என்றும் வரும். சுற்றிப் பிடித்துக்கொள்வது என்று பொருள். அடுத்தது 'ஹால்ஸ்'. பெயர்ச்சொல்லாக இது கழுத்து; வினையாக, கழுத்தைக் கட்டிக்கொள்வது. பிரெஞ்சிலிருந்து வந்த 'அகோல்' என்பதும் கழுத்தைக் கட்டிக்கொள்வதுதான். லத்தீனில் கழுத்துக்கு உள்ள சொல்லிலிருந்து அது பிறந்தது. நம் சட்டையின் 'காலர்' அதற்கு உறவு. ஒருவனை வீரனாக்கும்போது தோளில் வாளால் தட்டுகிறார்களே, அந்த 'அக்கலேட்'டும் உறவு. வாள் தட்டுகிற இடத்தில் முன்பு ஒரு கழுத்தணைப்பு இருந்தது என்று அந்தச் சொல்லே சாட்சி சொல்கிறது.

பிறகு 'ஃபேதம்'. விரித்த இரண்டு கைகளும், அவற்றுக்கு நடுவில் உண்டாகிற இடமும் அது. இன்று கடலின் ஆழத்தை அளக்கிற ஆறடி அளவுக்கு அதே பெயர். நம் கடற்கரையில் 'பாகம்' என்பார்கள். பேவுல்ஃப் காவியத்தில் செத்தவனின் ஆன்மா போய்ச் சேர்கிற பிதாவின் அரவணைப்பும் ஃபேதம்தான், மண்டபத்தை விழுங்கிவிடக்கூடிய தீயின் பிடியும் ஃபேதம்தான். கடைசியாக 14-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்து சேர்ந்த 'எம்பிரேஸ்'. பிரெஞ்சில் 'ப்ரா' என்றால் கை. ஒரு வீரன் கேடயத்தைத் தன் கையில் மாட்டிக்கொள்வதையும் அன்று இதே வினையால் சொன்னார்கள்.

கழுத்து, கை, இரு கைகளின் அகலம். இந்த வரிசையில் இதயம் என்கிற சொல் எங்கேயும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அன்பு, ஆசை, இரக்கம் எதையும் இந்தச் சொற்கள் தம் வேரில் வைத்திருக்கவில்லை. உடம்பு என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. என்ன உணர்ச்சி என்பதைச் சொல் தீர்மானிப்பதில்லை. இது வறுமை என்று நாம் நினைக்கக்கூடும். கவிதைக்குள் போய்ப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

எக்ஸிடர் தேவாலயத்தின் நூலகத்தில் 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துச் சுவடி இருக்கிறது. 1072-ல் இறந்த பிஷப் லியோஃப்ரிக் கொடுத்தது. அதில் தலைப்பில்லாமல் இருக்கிற 115 வரிக் கவிதை ஒன்றுக்கு 'வாண்டரர்' என்று பிற்காலத்தில் பெயர் வைத்தார்கள். தலைவனைப் புதைத்துவிட்டு, இன்னொரு தலைவனைத் தேடிக் குளிர்காலக் கடலில் அலைகிறவன் ஒருவனுடைய குரல் அது. துக்கமும் தூக்கமும் சேர்ந்து அவனைப் பிடிக்கிறபோது ஒரு கனவு வருகிறது. கனவில் தன் தலைவனைக் கிளிப் செய்கிறான், முத்தமிடுகிறான், அவன் முழங்காலில் தன் கைகளையும் தலையையும் வைக்கிறான்.

இந்தப் பகுதியைத் தமிழில் செய்து நண்பர்கள் சிலரிடம் படித்துக் காட்டினேன். ஒருவர், "இது காதலா, பக்தியா?" என்று கேட்டார். இன்னொருவர், "எஜமான விசுவாசம், நிலப்பிரபுத்துவ மிச்சம்" என்று சொல்லி முடித்துக்கொண்டார். மூன்றாமவர், "அந்தக் காலத்துச் சம்பிரதாயம், அவ்வளவுதான், அதில் உணர்ச்சியைத் தேடக் கூடாது" என்றார். மூன்றுமே தப்பிக்கிற வழிகள். மூன்றுக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை இருக்கிறது: செயல் வேறு, உணர்ச்சி வேறு; செயல் மேலே, உணர்ச்சி அடியில். அடியில் இருப்பதைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்துவிட்டால் கவிதை முடிந்தது என்கிற நம்பிக்கை. கிளிப் என்கிற சொல்லுக்கு அந்த மேல், கீழ் கிடையாது.

தலைவன் மடியில் கையும் தலையும் வைப்பது ஒரு சடங்கின் நினைவு என்று உரையாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். சரி. ஆனால் சடங்கு என்றதுமே 'வெறும்' என்ற சொல்லை நாம் அதன் முன்னால் போட்டுவிடுகிறோம். அந்த உலகத்தில் ஒரு முத்தம் எவ்வளவு கனமுள்ளது என்பதற்குக் கவிதையை விட்டு வெளியே போய் ஓர் உதாரணம் காட்டுகிறேன். எலியட்டின் நாடகம் வழியாகத் தாமஸ் பெக்கெட்டின் கொலையை நாம் எல்லோரும் அறிவோம். 1169 நவம்பரில் பாரிஸை அடுத்த மோன்மார்த்ரில் அரசன் இரண்டாம் ஹென்றியும் பெக்கெட்டும் சமாதானத்துக்காகச் சந்திக்கிறார்கள். பேச வேண்டியவை ஏறக்குறையப் பேசி முடிந்துவிட்டன. பெக்கெட் சமாதான முத்தம் கேட்கிறார். ஹென்றி தர மறுக்கிறான். கோபத்தில் சத்தியம் செய்துவிட்டேன் என்கிறான். சந்திப்பு முறிந்துபோகிறது. 1170 ஜூலையில் மறுபடி சமாதானம் ஆகிறது, முத்தம் இல்லாமல். பிறகு ஒருமுறை, இருவரும் சேர்ந்து பூசை காண வேண்டி வந்தபோது, இறந்தவர்களுக்கான பூசையை நடத்தச் செய்தார்கள் என்று பெக்கெட்டின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பூசையில் மட்டும் சமாதான முத்தம் கிடையாது. அந்த ஆண்டு டிசம்பர் 29-ல் பெக்கெட் தன் தேவாலயத்திலேயே வெட்டப்பட்டார்.

வார்த்தையால் எல்லாம் ஒப்புக்கொண்ட ஒரு மனிதன் உதட்டால் தொட மறுக்கிறான். எதிரில் இருப்பவர் அதிலிருந்தே தன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று தெரிந்துகொள்ள முடிகிறது. இதை வெறும் சம்பிரதாயம் என்று எப்படிச் சொல்வது? ஹென்றிக்கு முத்தம் வெறும் சம்பிரதாயமாக இருந்திருந்தால் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். கொடுத்தால் அது நிஜமாகிவிடும் என்பதனால்தான் கொடுக்கவில்லை. உள்ளே இருக்கிற உணர்ச்சியை உடம்பு வெளியே காட்டுகிறது என்பது நம்முடைய கணக்கு. உடம்பு செய்தால் அது உண்டாகிவிடுகிறது என்பது அவர்களுடைய கணக்கு.

இதனால்தான் ஒரே சொல் பல இடங்களில் கூச்சமில்லாமல் போய்வருகிறது. 13-ஆம் நூற்றாண்டில், அறைக்குள் தங்களை அடைத்துக்கொண்டு தவம் இருந்த பெண்களுக்காக எழுதப்பட்ட 'ஆங்க்ரின் விஸ்ஸே' என்கிற உரைநடை நூலில் ஓர் உவமை வருகிறது. தாய் குழந்தையோடு விளையாடுகிறாள். ஒளிந்துகொண்டு அதைத் தனியே அழ விடுகிறாள். பிறகு சிரித்துக்கொண்டே கைகளை விரித்து ஓடி வந்து, கிளிப் செய்து, முத்தமிட்டு, கண்ணைத் துடைக்கிறாள். கடவுள் சில நேரம் நம்மை விட்டு விலகுவதும் இப்படித்தான் என்று நூல் சொல்கிறது. அலைகிறவன் கனவில் தலைவனுக்குச் செய்ததும், இந்தத் தாய் குழந்தைக்குச் செய்வதும், இரண்டு வினைகளும் அதே ஜோடி: கிளிப், முத்தம். 14-ஆம் நூற்றாண்டில் நார்விச் நகரத்து ஜூலியன், கடவுளின் அன்பு நம்மை உடுப்பைப் போலச் சுற்றிக்கொள்கிறது என்று எழுதும்போது 'ஹால்ஸ்' என்கிற வினையைப் பயன்படுத்துகிறாள். கடவுளுக்கு அவள் எட்டாத உயரத்துச் சொல் தேடவில்லை. கழுத்தைக் கட்டிக்கொள்கிற சொல்லையே கொடுத்தாள்.

இதே ஹால்ஸ் என்கிற வினைக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஆணையிட்டுக் கெஞ்சுவது. சாஸரில் கன்னிமடத் தலைவி சொல்கிற கதையில் மடாதிபதி செத்துக் கிடக்கும் சிறுவனிடம் பேசும்படி வேண்டுவது இந்த வினையால்தான். இரண்டும் ஒரே வேரா, ஒலியால் ஒட்டிக்கொண்டவையா என்று மொழியியலாளர்கள் வாதாடட்டும். கழுத்தைக் கட்டிக்கொள்வதும் கெஞ்சுவதும் ஒரே ஒலியில் கிடக்கிற ஒரு மொழியில் எழுதிய கவிஞனுக்கு என்ன வசதி இருந்திருக்கும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஆண்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்றைய வாசகன் இங்கேதான் தடுமாறுகிறான். பேவுல்ஃப் ஊர் திரும்பும்போது கிழ அரசன் ரோத்கார் அவனை முத்தமிட்டு, கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறான், இனிமேல் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்து. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த 'சர் கவெய்ன்' கவிதையில் ஓர் ஒப்பந்தம். பகலில் வேட்டைக்காரன் காட்டில் பெற்றதையும் விருந்தாளி கவெய்ன் வீட்டில் பெற்றதையும் மாலையில் மாற்றிக்கொள்ள வேண்டும். வேட்டைக்காரனின் மனைவியிடமிருந்து கவெய்ன் முதல் நாள் ஒரு முத்தமும் அடுத்த நாள் இரண்டும் மூன்றாம் நாள் மூன்றும் பெறுகிறான். ஒவ்வொரு மாலையும் எண்ணிக்கை குறையாமல் அவற்றைக் கணவனுக்குக் கொடுத்துவிடுகிறான். கடைசி நாள் அவள் கொடுத்த இடுப்புப் பட்டையை மட்டும் மறைத்துக்கொள்கிறான், அது தன் உயிரைக் காக்கும் என்பதனால். கவெய்ன் பொய் சொல்வது பட்டையில். முத்தத்தில் அவன் ஒரு நயா பைசா குறைக்கவில்லை. கவிதையின் இறுதியில், இந்தப் பொய் வெளிப்பட்ட பிறகு, இருவரும் அகோல் செய்து முத்தமிட்டுப் பிரிகிறார்கள்.

இதில் மறைந்திருக்கிற ஆசையைக் காண்கிற விமர்சனங்கள் கடந்த சில பத்தாண்டுகளில் நிறைய வந்திருக்கின்றன. பழைய பேராசிரியர்களின் 'வழக்கம்தான்' என்கிற சோம்பேறித்தனத்தைவிட அவை மேல். குறைந்தபட்சம் அங்கே இரண்டு உடம்புகள் இருப்பதையாவது பார்த்தன. ஆனால் மறைந்திருக்கிற என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு. இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. வில்லியம் நெவில், ஜான் கிளான்வோ என்கிற இரண்டு ஆங்கில வீரர்களின் கல்லறைக் கல். இருவரும் 1391 அக்டோபரில் கான்ஸ்டான்டிநோபிளை ஒட்டிச் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தவர்கள். கிளான்வோ சாஸரின் நண்பர், தானும் கவிஞர். அவர் இறந்த பிறகு நெவில் உணவை ஒதுக்கிவிட்டார் என்று அந்தக் காலத்து வெஸ்ட்மின்ஸ்டர் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. கல்லில் இரண்டு தலைக்கவசங்கள் முத்தமிடுவதுபோல் எதிரும் புதிருமாக இருக்கின்றன. கேடயங்களில் கணவன் மனைவியின் குலச்சின்னங்களைச் சேர்ப்பதுபோல் இருவரின் சின்னங்களையும் சேர்த்துச் செதுக்கியிருக்கிறார்கள். ஆலன் பிரே 'தி ஃபிரண்ட்' என்ற புத்தகத்தில் (2003) இந்தக் கல்லைப் பற்றி எழுதுகிறார்.

இதில் மறைவது எது? தேவாலயத்தில், எல்லோரும் பார்க்க, கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குள் என்ன இருந்தது என்று கேட்கிற நம் கேள்விக்குக் கல் பதில் சொல்லாது. அவர்கள் ஒருவருக்கு ஒருவர் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்கிறது. கிளிப், ஹால்ஸ், அகோல் ஆகிய சொற்களும் இந்தக் கல்லைப் போன்றவை.

பிறகு அவை எப்படிப் போயின? கிளிப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒலி மோதல். ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்த இன்னொரு கிளிப் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதற்கு வெட்டுவது என்று பொருள். ஆட்டு மயிரை வெட்டுவது, நகம் வெட்டுவது, நாணயத்தின் விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடுவது எல்லாம் அந்தக் கிளிப். 1416-ல் இந்தத் திருட்டை ராஜத்துரோகமாகவே சட்டம் செய்தார்கள். பற்றிக்கொள்வதும் வெட்டிவிடுவதும் ஒரே ஒலியில் இருக்க முடியாமல் முதலாவது இறந்தது என்பது வாதம்.

தமிழ் பேசுகிற ஒருவன் இந்த வாதத்தை அப்படியே ஏற்க முடியாது. குழந்தையை அணைக்கிறோம், விளக்கை அணைக்கிறோம், ஆற்றுக்கு அணை கட்டுகிறோம். ஒன்று மற்றொன்றைக் கொல்லவில்லை. தவிர, ஆங்கிலத்திலேயே பழைய கிளிப் முழுக்கச் சாகவில்லை. வங்கிக் கவுண்டரில் காகிதங்களைச் சேர்த்துப் பிடிக்க நான் நாள் முழுக்க எடுக்கிற கிளிப் அந்தப் பழைய கிளிப்பன்தான். சலானையும் செக்கையும் பற்றுவதற்கு அந்தச் சொல் போதுமானதாக இருக்கிறது, மனிதனை மனிதன் பற்றுவதற்கு மட்டும் இல்லை. ஷேக்ஸ்பியர் வரை இருந்தது. 'கோரியலேனஸ்' நாடகத்தில் போர்க்களத்து ரத்தத்தோடு ஒரு வீரன் தன் தளபதியைக் கட்டிக்கொள்ளும்போது இந்த வினைதான் வருகிறது. பின்னால் அவனுடைய ஜன்ம விரோதி அவனைக் கட்டிக்கொள்ளும்போதும் இதுவே வருகிறது. அதற்குப் பிறகு தலையெடுக்கவில்லை.

ஒலி போதிய காரணம் இல்லையென்றால் வேறு என்ன? என் ஊகம் இது. உடம்பு செய்தால் உண்டாகிவிடும் என்கிற கணக்கு முதலில் செத்தது. 13-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தேவாலயங்களில் சமாதான முத்தத்துக்கு ஒரு பலகை வந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவனை முத்தமிடுவதற்குப் பதில் ஒவ்வொருவரும் அந்தப் பலகையை முத்தமிட்டுக் கைமாற்றினார்கள். யார் முதலில் முத்தமிடுவது என்று சண்டை வந்தது. சாஸரின் பாதிரியார் அதைக் கர்வத்தின் அடையாளங்களில் சேர்க்கிறார். 1439-ல் கொள்ளைநோய்க்குப் பயந்து, அரசனுக்குச் செய்யும் மரியாதையில் முத்தத்தை விட்டுவிட அனுமதி கேட்டுப் பாராளுமன்றத்தில் விண்ணப்பம் போனது. அரசன் ஆறாம் ஹென்றி சம்மதித்தான். முத்தம் இல்லாமலே விசுவாசம் செல்லும் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், முத்தம் அலங்காரம் ஆகிவிடுகிறது. அலங்காரம் ஆன பிறகுதான் அதன் அடியில் உணர்ச்சி எங்கே என்று தேடத் தொடங்குகிறோம்.

இந்தப் புதிய நிலைமைக்கு ஏற்ற சொல் எம்பிரேஸ். அதன் உள்ளே கை இருப்பது ஆங்கிலக் காதுக்குக் கேட்பதில்லை. ஆகவே எதையும் எம்பிரேஸ் செய்யலாம்: ஒரு கொள்கையை, ஒரு மதத்தை, ஒரு வாய்ப்பை. ஹால்ஸ் செய்ய வேண்டுமென்றால் எதிரில் ஒரு கழுத்து இருந்தாக வேண்டும். விக்ளிஃபின் பெயரால் வழங்கும் 14-ஆம் நூற்றாண்டு பைபிளில், மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் இயேசு சிறு பிள்ளையை நடுவே நிறுத்திப் பிகிளிப் செய்கிறார். 1611-ன் மொழிபெயர்ப்பில் கைகளில் எடுத்துக்கொள்கிறார் என்று மாறிவிட்டது. கிரேக்க மூலத்துக்கு அது விசுவாசமானதுதான். ஆனாலும் இரண்டு நூற்றாண்டுக்குச் சற்று மேலான காலத்தில் ஒரு வினையின் இடத்தை ஒரு வர்ணனை எடுத்துக்கொண்டிருக்கிறது.

நம் 'தழுவு'க்கும் இந்தக் கதி வந்துவிட்டது என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். செய்தித்தாள் தமிழில் அணி தோல்வியைத் தழுவுகிறது, தலைவர் மரணத்தைத் தழுவுகிறார், ஒருவர் மதம் தழுவுகிறார், நாவலைத் தழுவிப் படம் எடுக்கிறார்கள். மனிதன் மனிதனைத் தழுவுவது கவிதையில் மட்டும் நடக்கிறது, அதிலும் பெரும்பாலும் இருளையோ மௌனத்தையோதான் தழுவுகிறார்கள். நம் புதுக்கவிதையில் ஸ்பரிசம் பற்றி எழுதப்படுவதற்குக் குறைவில்லை. ஒரு கழுத்தையோ முழங்காலையோ அதில் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. 'புல்லு', 'முயங்கு' என்று சங்கத்துக்குப் போனால் அகத்திணையின் வாசனை வந்து சேரும். தலைவனை என்ற இடத்தில் தலைவியை என்று வாசகன் திருத்திப் படித்துவிடுவான்.

ஆகவே என் மொழிபெயர்ப்பில் 'கட்டிக்கொண்டு' என்று போட்டேன். கொச்சை என்றார்கள். எனக்கு வேண்டியது அதில் இருக்கிறது. அணைப்பதும் கட்டிக்கொள்வதுதான், மணப்பதும் கட்டிக்கொள்வதுதான், அடியில் இருப்பது கட்டு. அன்பா, கடமையா என்று அந்தச் சொல்லைக் கேட்டால் அது பதில் சொல்லாது. அந்த அலைகிறவனும் சொல்லியிருக்க மாட்டான். தான் யாருடைய ஆள் என்பது அவனுக்கு அந்தக் கழுத்திலும் முழங்காலிலும்தான் தெரிந்திருந்தது. தலைவன் மண்ணுக்குள் போனபின் அவன் இழந்தது ஒரு உணர்ச்சியை அல்ல, உணர்ச்சி அப்படியே இருக்கிறது. அதை வைப்பதற்கு இருந்த இடம் போய்விட்டது.

கனவு கலைந்ததும் அவன் கண்முன்னால் இருப்பது சாம்பல் நிற அலைகளும், ஆலங்கட்டியோடு சேர்ந்து விழுகிற பனியும், குளித்துக்கொண்டு சிறகை விரிக்கிற கடற்பறவைகளும். அந்தக் குளிரில் எதையோ நோக்கி விரிகிறவை அந்தச் சிறகுகள் மட்டும்தான், அவையும் அவனுக்காக இல்லை. கவிஞன் இதை விளக்கவில்லை. பறவைகள் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறான்.